பட்டாளம், பேங்க், குடும்பம்: தொண்ணூறு வயதுப் பாட்டாவின் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுத உதவி தேவை

இரணியல்_பேரன்

எல்லாருக்கும் வணக்கம். பாட்டா (தாத்தா) காலமாகிவிட்டார்கள். 41-ம் நாள் ஜெபத்துக்கு 16 பக்கத்தில் ஒரு நினைவு மலர் அடிக்கலாம் என்று குடும்பத்தில் முடிவு. வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு. கையில் இருப்பவை:

பட்டாள டிஸ்சார்ஜ் புக் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், 1954-ல் சேர்ந்து 1972 நவம்பரில் விடுதலை, ஹவில்தார், கிளார்க்). ஐந்து பதக்கங்கள், இரண்டில் ரிப்பன் இல்லை. எஸ்.பி.டி. (ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர்) பேங்கில் 1974-ல் கிளார்க்காகச் சேர்ந்த ஆர்டர், 1996 ஜூன் 30-ல் ஓய்வுபெற்ற கடிதம். ஒரு கட்டு இன்லண்ட் லெட்டர். பழைய நோட்டு ஒன்றில் "மலையாளம் 1110 மார்கழி 20 ஜெனனம்" என்று எழுதியிருக்கிறது. சபையில் வாங்கிய ஞானஸ்நானச் சான்று 1935 பிப்ரவரி. டிஸ்சார்ஜ் புக்கிலோ பிறந்த தேதி 1936 ஜூன்.

குழப்பங்கள்: எந்தப் பிறந்த தேதியைப் போடுவது? டிஸ்சார்ஜ் புக்கில் மாவட்டம் திருவனந்தபுரம் என்று இருக்கிறதே, அது ஏன்? "1965, 71 இரண்டு போரிலும் முன்னணியில் நின்றவர்" என்று வீட்டில் சொல்கிறார்கள், அப்படியே போடலாமா? பேங்க் பகுதியில் "நேர்மையாகப் பணியாற்றினார்" என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

மேற்கு_நெய்யூர்

மாவட்டக் கேள்விக்குப் பதில் எளிது. 1954-ல் கன்னியாகுமரி மாவட்டமே கிடையாது. இரணியல் இருந்த கல்குளம் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் திருவனந்தபுரம் ஜில்லாவுக்குள் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. பட்டாளத்தில் சேர்ந்த அன்று எழுதிய விலாசம் அப்படியே நிற்கிறது.

அதே பக்கத்தில் 'அருகிலுள்ள ரயில்வே ஸ்டேஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். திருவனந்தபுரம் என்றோ திருநெல்வேலி என்றோதான் இருக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல். திருநெல்வேலிப் பாதை 1981-ல். லீவுக்கு வந்த ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரத்தில் இறங்கி, ட்ரங்குப் பெட்டியோடு பஸ் பிடித்து வந்த மனிதர் அவர். அந்த ஒரு வரியை மலரில் போட்டால் இன்றைய பிள்ளைகளுக்குக் காலம் புரியும்.

கொல்லம்_ஆண்டு_1099

பிறந்த தேதிக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பழைய கையெழுத்துகளில் எல்லாரும் வழுக்கி விழும் இடம் இது.

மலையாள ஆண்டு ஆவணி முதல் தேதியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் 31 வரை உள்ள நாள்களுக்கு ஆங்கில ஆண்டு கிடைக்க 824 கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் ஆடி முடியும் வரை 825. சிக்கல் மார்கழியில். அந்த மாதம் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. முன்பாதிக்கு 824, பின்பாதிக்கு 825. மார்கழி 20 பின்பாதியில் விழுகிறது. 1110 + 825 = 1935, ஜனவரி முதல் வாரம். 824 கூட்டி 1934 என்று போட்டால் ஒரு வயது கூடிவிடும்.

கணக்கு சரிதானா என்று சோதிக்கத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றை வைத்துப் பாருங்கள். திருவிதாங்கூரில் கோயில்களை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம் 1112 ஐப்பசி 27. அதோடு 824 கூட்டினால் 1936, நவம்பர் 12. பெரியவர்கள் சொல்லும் 'தொண்ணூற்றொம்பது வெள்ளம்' 1099 ஆடி. அதோடு 825 கூட்டினால் 1924 ஜூலை. இரண்டும் பொருந்துகின்றன.

உங்கள் விஷயத்தில் நோட்டும் ஞானஸ்நானச் சான்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஜனவரியில் பிறந்த குழந்தைக்குப் பிப்ரவரியில் ஞானஸ்நானம். எனவே 1935 ஜனவரி என்று போடுங்கள். நாளைத் திட்டமாகச் சொல்ல வேண்டுமானால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் முன்பின் ஆகும்.

1936 ஜூன் எப்படி வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் எழுதியதுதான் பிறந்த தேதி. ஜூன் மாதம் என்பதே சாட்சி. ஆவணங்களில் உள்ளதைத் திருத்தவும் போகாதீர்கள். பட்டாளப் பென்ஷன், பேங்க் ஓய்வு இரண்டும் அந்தத் தேதியில்தான் ஓடியிருக்கின்றன (1936 ஜூன் + 60 = 1996 ஜூன், பாருங்கள்).

ரெக்கார்ட்_ஆபீஸ்

டிஸ்சார்ஜ் புக்கை எப்படி வாசிப்பது என்று சொல்கிறேன். முதலில் சேர்ந்த தேதி, விடுதலைத் தேதி, விடுதலைக்கான காரணம், குணநலன் குறிப்பு. அடுத்து டிரேடு (படையில் பார்த்த தொழில்). பிறகு பதக்கங்கள் பட்டியல், கல்விச் சான்றுகள், குடும்ப விவரம். இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிறகு கதை எழுத உட்காருங்கள்.

பதவிப் பெயரில் கவனம். இன்ஜினியர்களில் கடைநிலை வீரர் 'சாப்பர்', சிப்பாய் என்று எழுதக் கூடாது. அதற்கு மேல் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். நாயப் சுபேதார் என்ற பதவிக்கு 1965 வரை ஜமேதார் என்று பெயர். பழைய குரூப் போட்டோவின் அடியில் ஜமேதார் என்று அச்சாகியிருந்தால் தவறென்று எண்ணித் திருத்தாதீர்கள்.

படைப்பிரிவின் பெயரிலும் குழப்புகிறவர்கள் உண்டு. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வேறு, மெட்ராஸ் ரெஜிமெண்ட் வேறு. முன்னது சாப்பர்கள், மையம் பெங்களூர். பின்னது காலாட்படை, மையம் வெல்லிங்டன். திருவிதாங்கூர் மகாராஜாவின் நாயர் பட்டாளம் இந்திய ராணுவத்தில் சேர்ந்தபோது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9, 16-வது பட்டாலியன்களாக ஆனது. அதனால் இந்தப் பக்கத்துப் பட்டாளக்காரர் எல்லாரையும் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. உங்கள் பாட்டா அதில் இல்லை.

கூடுதல் விவரம் வேண்டுமானால் பெங்களூரில் உள்ள அந்தக் குரூப்பின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். நம்பர், பதவி, பெயர், சேர்ந்த தேதி, விடுதலைத் தேதி, உங்களுக்கு என்ன உறவு, இறப்புச் சான்று நகல், டிஸ்சார்ஜ் புக் முதல் பக்க நகல். மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்புவது நல்லது. ஆனால் 41-ம் நாளுக்குள் பதில் வரும் என்று நம்பி மலரை நிறுத்தி வைக்காதீர்கள்.

ரெக்கார்ட்_ஆபீஸ்

விட்டுப்போனது: ஐந்து பதக்கங்களின் விளிம்பையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர் பொறித்திருக்கும். பொறித்த நம்பர் டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப்போனால்தான் அது அவருடையது. அண்ணன், தம்பி, மச்சான் எல்லாரும் பட்டாளத்தில் இருந்த வீடுகளில் பதக்கங்கள் கலந்துவிடும். முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

இரணியல்_பேரன்

பார்த்தேன், ஐந்திலும் நம்பர் சரி. ரக்ஷா மெடல் 1965, சங்க்ராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல், சைன்ய சேவா மெடல். கடைசியில் 'ஹிமாலயா' என்று ஒரு பட்டி இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் கட்டத்தில் திருவனந்தபுரம்தான்.

ரெக்கார்ட்_ஆபீஸ்

இப்போது போர் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

ரக்ஷா மெடல் 1965: அந்தப் போர்க்காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது. போர்க்களத்தில் இருந்தவர்களுக்குத் தனியாகச் சமர் சேவா ஸ்டார் உண்டு. 1971-லும் அதே முறைதான். சங்க்ராம் மெடல் பொதுவானது. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார். உங்கள் பட்டியலில் ஸ்டார் ஒன்றும் இல்லை. 25-வது ஆண்டு மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. நவம்பரில் விடுதலை என்பதால் பொருந்துகிறது.

சைன்ய சேவா மெடல், ஹிமாலயா பட்டி: இதுதான் உங்கள் கையில் இருப்பதில் கனமான விஷயம். கடினமான உயர்மலைப் பகுதியில் பணி செய்ததற்கான அத்தாட்சி. வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, இல்லையா? போரைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஆகவே "இரண்டு போரிலும் முன்னணியில் நின்றவர்" என்று எழுத இந்தப் பதக்கங்களில் ஆதாரம் இல்லை. "1965, 1971 போர்க்காலங்களில் படையில் பணியில் இருந்தார், இமயமலைப் பகுதியில் பணியாற்றியதற்கான பதக்கம் பெற்றவர்" என்று எழுதலாம்.

குளச்சல்_காற்று

அண்ணாச்சி, இது நினைவு மலர்தானே, கோர்ட்டில் கொடுக்கிற அபிடவிட்டா? பாட்டா சொன்னதைப் பேரன் எழுதுகிறான். அதற்கு இத்தனை துருவல் எதற்கு?

ரெக்கார்ட்_ஆபீஸ்

எதற்கு என்றால், அந்த 41-ம் நாள் பந்தலில் வந்து உட்காரப் போகிறவர்களில் பாதிப் பேர் முன்னாள் பட்டாளக்காரர்கள். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. புகைப்படத்தில் ஸ்டார் இல்லாத நெஞ்சைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் "முன்னணியில் நின்றார்" என்று வாசித்தால் அவர்களுக்குள் ஒரு பார்வை ஓடும். அந்தப் பார்வை செத்தவருக்குத்தான் இழுக்கு, எழுதியவருக்கு அல்ல.

வள்ளவிளை_சிக்னல்ஸ்

ரெக்கார்ட்_ஆபீஸ் சொல்வதில் ஒரு திருத்தம். ஸ்டார் கையில் இல்லை என்றால் போர்முனைக்குப் போகவே இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. பதக்கங்கள் போர் முடிந்து வருஷக்கணக்கில் கழித்துத்தான் வந்தன. 1972 நவம்பரிலேயே வெளியே வந்தவருக்கு 71 ஸ்டார் உரியதாக இருந்தும் வாங்காமல் போயிருக்க வாய்ப்பு உண்டு, எழுதிக் கேட்க வேண்டும். அதனால் டிஸ்சார்ஜ் புக்கின் பதக்கப் பக்கத்தையும் யூனிட் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். 'ஃபீல்டு கம்பெனி' என்று இருந்தால் போர்ப்படையோடு நகரும் சாப்பர் யூனிட். 'சென்டர்' என்று இருந்தால் பெங்களூரில்.

இன்லண்ட் கட்டு இருக்கிறது என்றீர்களே, அதில் அனுப்புநர் விலாசம் பாருங்கள். 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றால் டெல்லி வழியாகப் பிரியும் தபால், 99 ஏ.பி.ஓ. என்றால் கல்கத்தா வழி, அதாவது கிழக்கு, வடகிழக்கு. ஊர்ப் பெயர் அதில் இருக்காது, இருக்கவும் கூடாது. ஆனால் தேதி முத்திரையும் அந்த எண்ணும் சேர்ந்தால் எந்த வருஷம் எந்தப் பக்கம் இருந்தார் என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். கடிதத்துக்குள் இருப்பதை மலரில் போடும் முன் பாட்டியிடம் கேளுங்கள்.

இரணியல்_பேரன்

1971 செப்டம்பர் முதல் 1972 மார்ச் வரை ஆறு கடிதம் இருக்கிறது, எல்லாமே 99 ஏ.பி.ஓ. யூனிட் பெயரில் ஃபீல்டு கம்பெனி என்றுதான் இருக்கிறது.

ரெக்கார்ட்_ஆபீஸ்

வள்ளவிளைக்காரர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் பூர்வி ஸ்டார் குறித்து ரெக்கார்ட் ஆபீசுக்குக் கட்டாயம் எழுதுங்கள். மலரில் இப்போதைக்கு: "1971 போர் நடந்த மாதங்களில் கிழக்குப் பகுதியில் ஃபீல்டு கம்பெனியில் இருந்தார்." இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் கையில் தாள் இருக்கிறது.

ஃபோலியோ_நம்பர்

பேங்க் பகுதிக்கு வருகிறேன். "நேர்மையாகப் பணியாற்றினார்" என்ற வாக்கியம் தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற அத்தனை பேங்க் ஊழியர்கள் பேரிலும் அச்சாகியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

1974-ல் கிளார்க் என்றால் கம்ப்யூட்டர் இல்லை. தடித்த லெட்ஜர், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஃபோலியோ (எண் போட்ட பக்கம்). வித்ட்ராயல் சீட்டைக் கொடுத்தவருக்கு எண் போட்ட பித்தளை டோக்கன். சீட்டு லெட்ஜர் கிளார்க்கிடம் போய், பாக்கி பார்த்து, போஸ்ட் பண்ணி (லெட்ஜரில் பதிந்து), ஆபீசர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பாஸ் செய்து, கேஷியரிடம் வந்து, டோக்கன் நம்பர் கூப்பிட்டால்தான் பணம். சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் யாரும் கிளம்ப முடியாது. ஒரு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் சீட்டுக் கட்டை முதலிலிருந்து புரட்டுவார்கள். பிழை பெரும்பாலும் இலக்கம் இடம் மாறுவதில்தான் வரும். 54-ஐ 45 என்று போஸ்ட் பண்ணினால் வித்தியாசம் 9. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இடமாற்றப் பிழை என்று பழைய கிளார்க்குகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

எஸ்.பி. (சேமிப்பு) கணக்குக்கு வட்டி, மாதம் 10-ம் தேதி முதல் கடைசி நாள் வரை உள்ள மிகக் குறைந்த பாக்கிக்குத்தான். இது 2010 மார்ச் வரை இருந்தது. அதனால் விவரமானவர்கள் 10-ம் தேதிக்குள் பணம் கட்ட ஓடி வருவார்கள். படிக்காத ஆட்களிடம் "பத்தாம் தேதிக்கு முந்திக் கட்டிரும்" என்று கவுண்டரில் சொல்லி அனுப்பிய கிளார்க்கா உங்கள் பாட்டா? ஊரில் விசாரியுங்கள். அது 'நேர்மை' என்ற சொல்லைவிடப் பெரிது.

இன்னொன்று. டிசம்பர் 31 இரவு சபையில் வருஷக் கடைசி ஆராதனைக்கு அவர் வந்ததே இல்லை என்று வீட்டில் யாராவது சொல்கிறார்களா? சொன்னால் நம்பலாம். பேங்குகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு அப்போது டிசம்பர் 31. 1987 டிசம்பர்தான் கடைசி. அடுத்த கணக்கு 15 மாதத்துக்கு நீண்டு 1989 மார்ச் 31-ல் முடிந்தது. ஆக 1988-லிருந்து அவர் ஆராதனையில் இருந்திருப்பார்.

இரணியல்_பேரன்

பெரியம்மா இதையே சொல்கிறார்கள்! "அப்பா கையைப் பிடிச்சிட்டு வாட்ச் நைட்டுக்குப் போனது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்" என்று. கல்யாணம் 1986. பொருந்துகிறது.

ஃபோலியோ_நம்பர்

அதை அப்படியே போடுங்கள், பெரியம்மா வாயால்.

யாரை விசாரிப்பது என்றால், கூட வேலை செய்த பழைய ஊழியர்கள், நகை மதிப்பீட்டாளர், பேங்க் பக்கத்து டீக்கடை. "எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதோடு முடிந்தது. "எந்தக் கவுண்டர்? நகைக் கடன் பார்த்தாரா? கேஷ் குறைந்த அன்று என்ன செய்தார்? லீவில் யாருக்குப் பதில் உட்கார்ந்தார்?" என்று கேளுங்கள்.

மேற்கு_நெய்யூர்

பள்ளிப் படிப்பு என்ன எழுதியிருக்கிறீர்கள்?

இரணியல்_பேரன்

டிஸ்சார்ஜ் புக்கில் ஈ.எஸ்.எல்.சி. என்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு என்று போட்டேன். எட்டாம் வகுப்பு படித்தவருக்குப் பேங்க் கிளார்க் வேலை எப்படிக் கிடைத்தது என்று தம்பி கேட்கிறான்.

மேற்கு_நெய்யூர்

எட்டு இல்லை. தமிழ்நாட்டில்தான் ஈ.எஸ்.எல்.சி. எட்டாம் வகுப்பு. திருவிதாங்கூரில் அதே எழுத்துகள் ஆறாம் ஃபாரம், அதாவது பள்ளி இறுதி. 1954-க்கு முன் இரணியலில் படித்தவருக்குத் திருவிதாங்கூர் கணக்குதான். கல்விப் பக்கத்தில் பட்டாளத்துக்குள் எழுதிய பரீட்சை ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ராணுவத்தின் ஸ்பெஷல் கல்விச் சான்று மெட்ரிகுலேஷனுக்குச் சமம் என்று வேலை விளம்பரங்களில் ஏற்றுக்கொள்வார்கள். படிப்பைப் பாதியில் விட்டுப் பட்டாளத்துக்குப் போன பலர் அதை எழுதித்தான் பேங்குக்குள் நுழைந்தார்கள்.

திருவட்டாறு_மல்லிகா

இவ்வளவு நேரமாக எல்லாரும் பாட்டாவின் பெட்டியைத்தான் கிண்டுகிறீர்கள். பாட்டி இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி மலரில் எத்தனை வரி?

1954 முதல் 72 வரை பாட்டா வருஷத்துக்கு ஒருமுறை லீவுக்கு வந்த ஆள். வீடு, வயல், மாமியார், பிள்ளைகள் எல்லாம் யார் கையில்? பாட்டியிடம் போய் இப்படிக் கேளுங்கள்: மணியார்டர் மாதத்தில் எந்தத் தேதிக்கு வரும், பிந்தினால் யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள்? தேங்காய் வெட்டுக்கு ஆளை யார் பேசினார்கள்? எந்த யூனிட்டில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, எத்தனை மாதம் கூட இருந்தீர்கள்? எந்தப் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது? மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பிறப்பு அந்தக் கன்டோன்மென்ட் போர்டில் பதிவாகியிருக்கும், அங்கேயிருந்து எடுக்கலாம்.

குடும்பப் பட்டியலில் வரும் பிழைகள்: சிறு வயதில் இறந்த பிள்ளையை விட்டுவிடுவது. பாட்டி அதை வாசிப்பார்கள், மறக்காதீர்கள். மருமகன்களுக்கு வேலையோடு பெயர், மருமகள்களுக்கு வெறும் பெயர் போடுவது. பெண்மக்களை ஆண்மக்களுக்குப் பிறகு அடுக்குவது. வயது வரிசையில் போட்டால் சண்டையே வராது. காலஞ்சென்றவர்களுக்கு முன்னால் குறி போடும்போது அச்சகத்தில் ஒரு வரி நகர்ந்து உயிரோடு இருப்பவர் மேல் விழுந்துவிடும். கடைசி புரூப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு பேர் சத்தம் போட்டு வாசியுங்கள்.

குளச்சல்_காற்று

மல்லிகா அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நம் ஊர் மலர்களில் பாட்டிமார் "அன்னாரது துணைவியார்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகிறார்கள்.

அச்சுக்கோப்பு

அச்சு வேலை பற்றிச் சில. ஸ்டேப்பிள் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும், 16 சரி. பழைய போட்டோவை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். மொபைலில் எடுத்தால் கண்ணாடி மினுக்கம் விழும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்து, பிறகு கணினியில் சரிசெய்யலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். யூனிகோடில் அடித்த தமிழை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது ஸ்ரீ, க்ஷ, கொம்பு, துணைக்கால் உடையும். 'ரக்ஷா' என்ற சொல் ஒவ்வொரு இடத்திலும் சரியா என்று பாருங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கை லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், பிறகு எந்த ஆபீசிலும் மூலப் பத்திரமாக ஏற்கத் தயங்குவார்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்க ஒரு அத்தை முன்வருவார்கள், தடுத்துவிடுங்கள். புளியின் அமிலம் மேல்படலத்தை அரித்துவிடும், ரிப்பனும் கறைபடும். உலர்ந்த பஞ்சுத் துணி போதும். நம் கடற்காற்றுக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். போட்டோவுக்கு மாட்டும்போது ரிப்பன் இல்லாத இரண்டுக்கும் சரியான நிற ரிப்பனே வாங்குங்கள், ஏதோ ஒரு நிறத்தைத் தைத்துவிடாதீர்கள்.

முக்கியம்: மலரில் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) படங்களை முழுதாகப் போடக் கூடாது. சர்வீஸ் நம்பர், பி.பி.ஓ. நம்பர், கணக்கு எண், ஆதார் எல்லாம் மறைக்க வேண்டும். பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வரப்போகும் நேரத்தில் இவையெல்லாம் நூற்றுக்கணக்கான கைகளுக்குப் போவது ஆபத்து.

மட்டுறுத்துநர்

பென்ஷன் விஷயத்துக்குத் தனி இழை இருக்கிறது. சுருக்கமாக மட்டும்: பட்டாளப் பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் இருந்தால் அங்கே இறப்பைத் தெரிவித்துக் குடும்பப் பென்ஷன் தொடங்க வேண்டும். கை வராவிட்டால் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பேங்கில் பென்ஷன் தேர்ந்தெடுத்திருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம். 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு குடும்பப் பென்ஷனும் வாங்கலாம், ஒன்றைத்தான் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். பாட்டியின் பிறந்த தேதி பி.பி.ஓ.வில் சரியாக இருக்கிறதா பாருங்கள். 80 வயதில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40 என்று பட்டாளக் குடும்பப் பென்ஷன் கூடும். தேதி இல்லாவிட்டால் அந்தக் கூடுதல் நின்றுபோகும்.

வடசேரி_கொடி

அட்டையில் தேசியக் கொடி போர்த்திய பெட்டி மாதிரி படம் வடிவமைக்க நினைத்தால் யோசியுங்கள். கொடியைப் போர்வையாகப் பயன்படுத்துவது அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதை அடக்கங்களுக்கு மட்டும். குடும்பமாக நாமே போர்த்தக் கூடாது. மரியாதையோடு போர்த்தும்போதும் காவி தலைப்பக்கம், குழிக்குள் இறக்கும் முன் எடுத்துவிட வேண்டும். அட்டைக்கு அவரது யூனிபார்ம் படம் இருந்தால் அதுவே போதும்.

இரணியல்_பேரன்

எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"1935 ஜனவரியில் கன்னியாகுமரி மாவட்டம் இரணியலில் பிறந்தார். பள்ளி இறுதி முடித்து 1954-ல் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் சேர்ந்தார். 18 ஆண்டுகள் பணியாற்றினார். இமயமலைப் பகுதியில் பணி செய்ததற்காகச் சைன்ய சேவா மெடல் பெற்றார். 1971 போர் நடந்த மாதங்களில் கிழக்குப் பகுதியில் ஃபீல்டு கம்பெனியில் இருந்தார். 1972-ல் ஹவில்தாராக விடுபட்டு, 1974-ல் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியான எஸ்.பி.டி.யில் கிளார்க்காகச் சேர்ந்து 1996-ல் ஓய்வுபெற்றார். இந்த 18 ஆண்டுகளும் குடும்பத்தையும் நிலத்தையும் ஒற்றை ஆளாய் நடத்தியவர் எங்கள் பாட்டி."

மேற்கு_நெய்யூர்

"அன்றைய திருவிதாங்கூர், கல்குளம் தாலுகா, இரணியலில்" என்று மாற்றுங்கள்.

ஃபோலியோ_நம்பர்

எஸ்.பி.டி. 1969-ல் நாட்டுடைமையான 14 பேங்குகளில் இல்லை. 1945-ல் திருவிதாங்கூர் பேங்காகத் தொடங்கி, 1960-ல் ஸ்டேட் பேங்கின் துணை வங்கியானது. 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் பேங்கோடு இணைந்தது. அதனால் 'நாட்டுடைமையாக்கப்பட்ட' என்பதை வெட்டிவிடுங்கள். எஸ்.பி.ஐ. என்று மாற்றவும் வேண்டாம், அவர் வேலை பார்த்தபோது அந்தப் பெயர்ப்பலகை அங்கே இல்லை.

திருவட்டாறு_மல்லிகா

'இந்த 18 ஆண்டுகளும்' என்பது இப்போது பேங்க் ஆண்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது, எந்த 18 என்று தெரியவில்லை. அந்த வரியை 1972-க்கு முன்னால் தூக்கி வையுங்கள். 'எங்கள் பாட்டி' என்று விட்டுவிடாமல் பெயரையும் போடுங்கள், தம்பி.

இரணியல்_பேரன்

மாற்றிவிட்டேன் அக்கா. புரூப் வந்ததும் பட்டியல் பக்கத்தைப் பெரியம்மாவும் நானும் சத்தம் போட்டு வாசிக்கிறோம். பூர்வி ஸ்டார் கடிதம் நாளை பெங்களூருக்கு ரிஜிஸ்டர் தபாலில் போகிறது, பாட்டி கையெழுத்தோடு.